தேவனுடைய பிள்ளை: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபையில், பிள்ளைகளை விசுவாசத்தில் உறுதிப்படத் தயார்செய்யும் திடப்படுத்தல் வகுப்பைப் பதினோரு வருடமாக எடுக்கிறேன். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள், முடிந்து செருப்பு மாட்டும்போது வந்து கேட்பார்கள். அவர்களைக் கூப்பிட வந்த அம்மாக்களும் சில நேரம் அதையே கேட்பார்கள். கேட்டதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். புரட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வருகின்றன: கடவுள் என்னை உண்மையிலேயே தம் பிள்ளையாகப் பார்க்கிறாரா? அந்தக் கேள்விகளையும் நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். வசனங்கள் நம் ஆலயங்களில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

தேவனுடைய பிள்ளைன்னா என்ன? நான் பிறந்ததே கிறிஸ்தவ வீட்டுலதான், அது போதாதா?

போதாது. கிறிஸ்தவ வீட்டில் பிறந்தது பெரிய நன்மைதான். சின்ன வயதிலேயே ஜெபமும் வசனமும் காதில் விழுந்திருக்கும். ஆனால் யோவான் சுவிசேஷம் முதல் அதிகாரம் 12, 13 வசனங்கள் இதை நேராகவே சொல்கின்றன: "அவருடைய நாமத்தின்மேல் விசுவாசமுள்ளவர்களாய் அவரை ஏற்றுக்கொண்டவர்கள் எத்தனைபேர்களோ, அத்தனைபேர்களும் தேவனுடைய பிள்ளைகளாகும்படி, அவர்களுக்கு அதிகாரங்கொடுத்தார்." அடுத்த வசனம், இப்படிப்பட்டவர்கள் இரத்தத்தினாலோ மனுஷருடைய சித்தத்தினாலோ பிறவாமல் தேவனாலே பிறந்தவர்கள் என்கிறது. அதாவது வம்சாவளியாக வருவதில்லை.

"அதிகாரங்கொடுத்தார்" என்ற சொல்லைக் கவனியுங்கள். பிள்ளை என்ற உரிமையை நாம் சம்பாதிக்கவில்லை, அவர் கொடுக்கிறார். கீழே வரும் எல்லாப் பதில்களும் இதன்மேல்தான் நிற்கின்றன.

எல்லாருமே கடவுளோட பிள்ளைங்கதானே? நாம மட்டும்னு சொல்றது தப்பில்லையா டீச்சர்?

நல்ல கேள்வி. கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் கிறிஸ்தவரல்லாத நெருங்கிய தோழியோ தோழனோ இருப்பார்கள். பவுல் ஏதென்ஸ் பட்டணத்தில், இயேசுவை இன்னும் அறியாத மக்களிடம், "நாம் அவருடைய சந்ததியார்" என்ற கிரேக்கப் புலவரின் வரியை எடுத்துச் சொல்லி ஒத்துக்கொண்டார் (அப்போஸ்தலர் 17:28). படைப்பின்படி பார்த்தால் எல்லா மனிதரும் அவருடைய கைவேலை, அவருடைய சாயல். யாரையும் கீழாக நினைக்க நமக்கு உரிமை இல்லை.

யோவான் 1:12 சொல்வது அதற்கு மேலே ஒரு உறவு: பிரிந்துபோனவர்கள் இயேசுவின் வழியாக வீட்டுக்குள் வந்து, தகப்பனோடு ஒரே கூரையின் கீழ் வாழ்வது. அந்தக் கதவு யாருக்கும் மூடியில்லை. "நாங்கள் மட்டும்" என்று பெருமையாகச் சொல்கிறவர், தானும் வெளியிலிருந்து வந்தவர் என்பதை மறந்துவிட்டார்.

'புத்திர சுவிகாரம்'னா தத்தெடுக்கறதாமே. அப்போ இயேசுதான் சொந்தப் பிள்ளை, நாம ரெண்டாந்தரமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் என்னால் சுருக்கமாகப் பதில் சொல்ல முடிவதில்லை. நானும் என் கணவரும் ஒரு மகளைத் தத்தெடுத்தவர்கள்.

முதலில் பவுலின் காலம். 'புத்திர சுவிகாரம்' அவர் ரோமர் 8:15இல் எழுதிய சொல். அவர் ரோமருக்கு நிருபம் எழுதியது ஏறக்குறைய கி.பி. 57இல். அப்போது சிங்காசனத்தில் இருந்தவன் நீரோ. அவன் முந்திய இராயனான கிளவுதியுவுக்குப் பிறந்தவன் அல்ல. கி.பி. 50இல் கிளவுதியு அவனைச் சுவிகாரம் எடுத்தான். அந்த அரசனுக்குப் பிரிட்டானிக்கஸ் என்ற சொந்த மகன் இருந்தும், 54இல் ஆட்சி நீரோவுக்குத்தான் போனது. அதற்கு முன்னால் அகுஸ்துவும் அப்படித்தான்: ஜூலியஸ் சீசருடைய சகோதரியின் பேரன், சீசரின் உயிலில் மகனாக்கப்பட்டவன். திபேரியுவை அகுஸ்து சுவிகாரம் எடுத்தது கி.பி. 4இல். ரோமாபுரியில் இருந்த விசுவாசிகள் தெருவில் கையில் பிடித்த காசுகள் பலவற்றில் சுவிகாரப் புத்திரர்களின் முகம் இருந்தது. அவர்களிடம் போய்ச் "சுவிகாரம்" என்று சொன்னால் இரண்டாந்தரம் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. வாரிசு என்றுதான் தோன்றியிருக்கும். பவுலும் அங்கேதான் போகிறார்: "நாம் பிள்ளைகளானால் சுதந்தரருமாமே" (ரோமர் 8:17).

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 1956ஆம் வருடத்துத் தத்தெடுப்புச் சட்டம் இந்து, பௌத்த, சமண, சீக்கியக் குடும்பங்களுக்கு மட்டும்தான். கிறிஸ்தவத் தம்பதிகள் பல வருடங்களாக 1890ஆம் வருடத்துப் பாதுகாவலர் சட்டத்தின் கீழ்தான் ஒரு குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவர முடிந்தது. அந்தச் சட்டத்தில் நீங்கள் பாதுகாவலர், அப்பா அம்மா அல்ல. பிள்ளை மேஜர் வயதை எட்டினால் அந்த உறவு சட்டத்தின் கண்ணில் முடிந்துபோகும். சொத்தில் தானாக வரும் பங்கு கிடையாது. 2000இல் வந்த இளைஞர் நீதிச் சட்டமும் 2006இல் அதில் செய்த திருத்தமும்தான் எந்த மதத்தினரும் முழுமையாகத் தத்தெடுக்கக் கதவைத் திறந்தன. 2015ஆம் வருடத்துச் சட்டம் 63ஆம் பிரிவில் இன்னும் தெளிவாகச் சொல்கிறது: தத்தெடுத்த பெற்றோருக்கே பிறந்ததைப் போல அந்தக் குழந்தை எல்லா வகையிலும் அவர்களுடைய பிள்ளை ஆகிறது. எங்கள் மகளுக்கான உத்தரவு 2018இல் நீதிமன்றத்தில் கிடைத்தது. வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அந்தத் தாளை நானும் என் கணவரும் மாறி மாறி வாசித்தோம். பாதுகாவலருக்கும் பெற்றோருக்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கடவுள் நமக்குப் பாதுகாவலராக இருந்தாலே அதிகம். அவர் அங்கே நிறுத்திக்கொள்ளவில்லை.

இயேசு தேவனுடைய ஒரேபேறான குமாரன். அந்த இடம் அவருக்கு மட்டும் உரியது, நாம் அதைப் பங்குபோடுவதில்லை. ஆனால் அவரே யோவான் 17:23இல் பிதாவிடம் ஜெபிக்கும்போது, "நீர் என்னில் அன்பாயிருக்கிறதுபோல அவர்களிலும் அன்பாயிருக்கிறதையும்" உலகம் அறியவேண்டும் என்கிறார். "போல" என்ற அந்தச் சொல்லைத் தாண்டி இரண்டாந்தரம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

'அப்பா பிதாவே'ல வர்ற 'அப்பா' நம்ம தமிழ் அப்பாவா?

இல்லை. அது இயேசுவும் சீஷர்களும் பேசிய அரமேயு மொழிச் சொல். தமிழோடு ஒலி ஒத்துப்போனது நமக்குக் கிடைத்த ஒரு சந்தோஷம். புதிய ஏற்பாட்டில் இது மூன்று இடங்களில்தான் வருகிறது: கெத்செமனேயில் இயேசு ஜெபிக்கும்போது (மாற்கு 14:36), ரோமர் 8:15, கலாத்தியர் 4:6. நிருபங்கள் கிரேக்கத்தில் எழுதப்பட்டும் இந்தச் சொல்லை மட்டும் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

இது மழலைச் சொல் என்று சில பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். 1988இல் ஜேம்ஸ் பார் என்ற அறிஞர் அது சரியல்ல என்று காட்டினார். வளர்ந்த மகனும் மகளும் தகப்பனைக் கூப்பிட்ட சொல்தான் அது. எனக்கு அதில் ஏமாற்றம் ஒன்றும் இல்லை. நம் ஊரில் ஐம்பது வயதுக்காரரும் "அப்பா" என்றுதானே கூப்பிடுகிறார்!

'புத்திரர்', 'குமாரர்'னு ஆண்பாலாவே இருக்கே. பொம்பளைப் பிள்ளைங்களுக்கு இது கிடையாதா?

உண்டு, முழுசாக உண்டு. அந்தக் காலத்தில் சொத்துக்கு வாரிசு என்றால் முதலில் மகன்தான் நினைவுக்கு வருவான். பவுல் கலாத்தியர் 3:26இல் "நீங்களெல்லாரும்... தேவனுடைய புத்திரராயிருக்கிறீர்களே" என்று எழுதிவிட்டு, இரண்டு வசனம் தள்ளி "ஆணென்றும் பெண்ணென்றுமில்லை" என்கிறார். மகனுக்கு இருந்த பங்கைப் பெண்களின் கையிலும் வைத்துவிட்டார். 2 கொரிந்தியர் 6:18 "குமாரரும் குமாரத்திகளுமாயிருப்பீர்கள்" என்று இருவரையும் வெளிப்படையாகவே சொல்கிறது.

இதை நம் சபைகள் வீட்டுக்குள் கொண்டுவர எவ்வளவு காலம் எடுத்தன என்பதையும் சொல்லவேண்டும். திருவிதாங்கூரில் 1916ஆம் வருடத்துக் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொத்தில் மகளுக்குக் கிடைத்தது மகனுடைய பங்கில் கால்வாசி, அல்லது ஐயாயிரம் ரூபாய், எது குறைவோ அது. மேரி ராய் என்ற கேரளக் கிறிஸ்தவப் பெண் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986இல் அதை மாற்றினார். ஞாயிற்றுக்கிழமை கலாத்தியர் வாசித்த குடும்பங்களில்தான் இத்தனை வருடம் இது நடந்தது. அது எனக்கு வலிக்கிறது.

ஜெபத்துல 'அடியேன்', 'புழுவும் பூச்சியுமான நான்'னு சொல்றோம். பிள்ளை அப்படிப் பேசுமா?

தாழ்மை தப்பில்லை. பவுலே ரோமர் நிருபத்தைத் தொடங்கும்போது தன்னை இயேசு கிறிஸ்துவின் ஊழியக்காரன் என்கிறார். மூலத்தில் அந்தச் சொல்லுக்கு அடிமை என்றே பொருள். அதே நிருபத்தில் எட்டாம் அதிகாரத்தில், "திரும்பவும் பயப்படுகிறதற்கு நீங்கள் அடிமைத்தனத்தின் ஆவியைப் பெறாமல்" என்றும் எழுதுகிறார். ஆகவே "அடியேன்" என்று அன்பினால் சொன்னால் சரி. துரத்திவிடுவாரோ என்ற பயத்தினால் சொன்னால் அதை விட்டுவிடலாம்.

எங்கள் மகள் ஆறு வயதில் வந்தாள். முதல் நான்கைந்து மாதம் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டாள். "தண்ணி குடிக்கட்டுமா?" "ஃபேன் போடட்டுமா?" வந்தவர்கள் எல்லாரும் எவ்வளவு ஒழுக்கமான பிள்ளை என்று பாராட்டினார்கள். எனக்கோ உள்ளே அறுத்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, யாரையும் கேட்காமல் முறுக்கு டப்பாவைத் திறந்து, "என்னம்மா, ஒண்ணுகூட மிச்சம் வைக்கலையா?" என்று கோபமாகக் கத்தினாள். நான் சமையலறையில் போய் அழுதேன். ரோமர் 8:15இல் "அப்பா பிதாவே, என்று கூப்பிடப்பண்ணுகிற" என்று இருக்கிறதே, அதன் மூலச்சொல்லுக்குச் சத்தமிட்டுக் கத்துவது என்று பொருள். அந்த வசனத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த முறுக்கு டப்பாதான் நினைவுக்கு வருகிறது.

எங்க அப்பா தினமும் குடிச்சிட்டு வந்து அடிப்பாரு. கடவுளை 'அப்பா'ன்னு கூப்பிடவே என்னால முடியல.

முடியவில்லை என்றால் இப்போதைக்கு வேண்டாம் மகளே. ஆண்டவரே, மேய்ப்பரே என்று கூப்பிடு. அவர் கோபப்படமாட்டார். வேதம் அவரைத் தாயைப் போலவும் காட்டுகிறது: "ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன்" (ஏசாயா 66:13). சங்கீதம் 27:10 எழுதியவருக்கும் வீட்டில் காயம் எப்படியிருக்கும் என்று தெரிந்திருக்கிறது: "என் தகப்பனும் என் தாயும் என்னைக் கைவிட்டாலும், கர்த்தர் என்னைச் சேர்த்துக்கொள்ளுவார்."

உன் அப்பாவை வைத்துக் கடவுளை அளக்கவேண்டாம். கடவுளை வைத்துத்தான் ஒரு அப்பா எப்படி இருக்கவேண்டும் என்று அளக்கவேண்டும். இன்னொன்று: அடிப்பதைப் பொறுத்துக்கொள்வது விசுவாசத்தின் அடையாளம் அல்ல. நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல். 1098 என்ற சிறுவர் உதவி எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம். சபைக்கு அவமானம், குடும்பத்துக்கு அவமானம் என்று யாராவது தடுத்தால் அவர்கள் பேச்சைக் கேட்காதே.

அதே பாவத்தைத் திரும்பத் திரும்பப் பண்றேன். இன்னமும் நான் அவர் பிள்ளைதானா?

நோட்டில் அதிகமாக இருப்பது இந்தக் கேள்விதான். பையன்கள் பெரும்பாலும் கைப்பேசியில் பார்ப்பதைப் பற்றி, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள்.

லூக்கா 15இல் வரும், சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பும் இளைய மகனின் கதை எல்லாருக்கும் தெரியும். அதில் ஒரு சின்ன விஷயம் கண்ணில் படாமல் போகும். பன்றி மேய்த்த இடத்தில் அவன் அப்பாவிடம் பேச ஒரு பேச்சைத் தயாரிக்கிறான். அதன் கடைசி வரி: "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்." வீட்டுக்கு வந்து பேசும்போது "குமாரன் என்று சொல்லப்படுவதற்கு நான் பாத்திரன் அல்ல" என்பதுவரை சொல்கிறான். கூலிக்காரன் என்ற வரி வரவே இல்லை. அதற்குள் அப்பா வஸ்திரமும் மோதிரமும் பாதரட்சையும் கொண்டுவரச் சொல்லிவிட்டார். அந்த வரியைச் சொல்ல அவர் இடங்கொடுக்கவில்லை என்றே நான் வாசிக்கிறேன். பாவம் செய்தபிறகு நாமும் அந்த வரியைத்தான் தயாரிக்கிறோம்: இனி ஒரு மாதம் ஒழுங்காக இருந்துவிட்டு ஜெபிக்கிறேன், உபவாசம் இருந்துவிட்டு வருகிறேன். வேண்டாம். இன்று ராத்திரியே வாருங்கள்.

அப்படியானால் பாவம் செய்தால் பரவாயில்லையா? இல்லை. யோவான் தன் முதல் நிருபத்தில் இரண்டையும் ஒரே வசனத்தில் வைக்கிறார் (2:1): பாவம் செய்யாதபடிக்கு எழுதுகிறேன், ஒருவன் பாவஞ்செய்வானானால் நமக்காகப் பரிந்து பேசுகிறவர் இருக்கிறார். தகப்பனைத் துக்கப்படுத்துகிறோமே என்ற வருத்தம் பிள்ளைக்குத்தான் வரும். அந்த வருத்தத்தோடு, கூச்சத்தை விட்டு ஒரு மூத்த விசுவாசியிடம் சொல்லி உதவி கேளுங்கள். தனியாகப் போராடி ஜெயித்தவர்கள் எனக்குத் தெரிந்து குறைவு.

ராஜாவோட பிள்ளைக்குக் கடன் ஏன், வியாதி ஏன்? கடவுள் தண்டிக்கிறாரா?

"ராஜாவின் பிள்ளை, அதனால் வீடும் காரும் வரும்" என்று போதிக்கிறவர்கள் ரோமர் 8:17ஐப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். சுதந்தரர் என்று சொன்ன அதே வசனம் "அவருடனேகூடப் பாடுபட்டால்" என்றும் சொல்கிறது. நேசகுமாரனே சிலுவைக்குப் போனார்.

எபிரெயர் 12 சொல்லும் சிட்சை வேறு, தண்டனை வேறு. தண்டனை நடந்ததற்குக் கணக்குத் தீர்ப்பது, சிட்சை ஒருவரை வளர்ப்பது. கணக்கு சிலுவையில் தீர்ந்தது. ஆனால் ஒரு குழந்தை இறந்த வீட்டில் போய் "இது சிட்சை" என்று யாரும் சொல்லாதீர்கள். யோபுவின் நண்பர்கள் அந்த வேலையைச் செய்து கர்த்தரிடம் கடிந்துகொள்ளப்பட்டார்கள். அங்கே கூட உட்கார்ந்து அழுதால் போதும்.

எல்லாரும் ஆராதனையில அழறாங்க. எனக்கு ஒண்ணுமே தோணல. நான் பிள்ளை இல்லையோ?

எங்கள் மகள் உத்தரவு வந்த அன்றைக்கு ஒன்றும் உணரவில்லை. ஐஸ்கிரீம் கேட்டாள். அவள் உணராததால் அந்தத் தாள் செல்லாமல் போகவில்லை.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738 மே 24இல் லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் தன் இருதயம் அனலானதாக எழுதி வைத்தார். அதன் பிறகும் அவருக்குச் சோர்வான நாட்கள் வந்தன. வயதான காலத்தில் அவர், வேலைக்காரனின் விசுவாசம், மகனின் விசுவாசம் என்று இரண்டைப் பிரித்துப் பேசினார். முதலாவதில் இருப்பவர்களையும் அவர் தள்ளவில்லை, அதற்கும் மேலே வாருங்கள் என்றுதான் அழைத்தார். உணர்வு பின்னால் வரட்டும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லாமல், எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். ஜெபியுங்கள், மருத்துவரையும் பாருங்கள்.

ஒரு தடவை பிள்ளை ஆனா எப்பவும் பிள்ளைதானா? இழந்துபோக முடியுமா?

இதில் உண்மையான விசுவாசிகளே இரண்டு பக்கமாக இருக்கிறார்கள். 1618-19இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம், தேவன் தம்முடையவர்களை முடிவுவரை காப்பார் என்று உறுதிசெய்தது. வெஸ்லியின் வழிவந்தவர்களும் பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலோரும், வேண்டுமென்றே விட்டுவிலக முடியும் என்கிறார்கள். ஒரு பக்கம் யோவான் 10:28ஐயும் மறுபக்கம், விலகிப்போனவர்களைப் பற்றி எச்சரிக்கும் எபிரெயர் 6ஐயும் காட்டுவார்கள்.

நான் யோவான் 10இன் பக்கம் சாய்கிறேன்: "ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை." பயத்தோடு இதைக் கேட்கிறவருக்கு, மேலே இளைய மகனைப் பற்றிச் சொன்னதையே திரும்பச் சொல்வேன்.

அரியர் ஏழு இருக்கு. வேலையும் இல்ல. வீட்டுலயே மதிப்பில்ல, கடவுள்கிட்ட மட்டும் எப்படி இருக்கும்?

இயேசு யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றபோது வானத்திலிருந்து வந்த சத்தம்: "இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்" (மத்தேயு 3:17). அதுவரை அவர் ஒரு பிரசங்கமும் செய்யவில்லை, ஒரு வியாதியஸ்தரையும் சொஸ்தமாக்கவில்லை. நாசரேத்தில் தச்சு வேலை செய்தவர், ஏறக்குறைய 30 வயது. பிரியம் முதலில் வந்தது, வேலை பிறகுதான் வந்தது.

அடுத்த அதிகாரத்தில் பிசாசு வந்து, "நீர் தேவனுடைய குமாரனேயானால்" செய்து காட்டும் என்கிறான். "நேச" என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டான். நிரூபித்தால்தான் பிள்ளை என்ற குரல் வீட்டிலிருந்து வந்தாலும் உங்களுக்குள்ளிருந்து வந்தாலும், அது யாருடைய குரல் என்று தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம், அரியரையும் எழுதுங்கள் தம்பி. தோற்றாலும் இந்த இடம் போகாது என்று தெரிந்தவனுக்குப் பரீட்சை ஹாலில் கை அவ்வளவு நடுங்காது.

எல்லாரும் ஒரே அப்பாவோட பிள்ளைங்கன்னு சொல்றீங்க. ஆனா சபையிலயே சாதி பாத்துதான் பொண்ணு கொடுக்கறாங்க, சில ஊர்ல கல்லறைகூட தனி. அப்போ இதெல்லாம் பேச்சுக்குத்தானா?

இதை என்னிடம் கேட்டது ஒரு பதினாறு வயதுப் பெண். அன்றைக்கு என்னிடம் நேரான பதில் இல்லை. இப்போது சொல்கிறேன்: பாவம் நம்முடையது, சத்தியம் பொய்யல்ல.

அந்தியோகியாவில் பேதுரு, யூதரல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் எழுந்து விலகினார். பவுல் அதைப் பழக்கவழக்கம் என்று விட்டுவிடவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்றபடி நடக்கவில்லை என்று எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்தார் (கலாத்தியர் 2). நம் மண்ணில் 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனே, முற்றிலுமாக ஒழியவேண்டும் என்று எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் எதிர்த்து நின்றார்கள். ஏறக்குறைய இருநூறு வருடம் ஆகிவிட்டது. அந்தப் பெண் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

மேலே தத்தெடுப்பைப் பற்றிச் சொன்னேன். எங்கள் மகள் வந்த புதிதில் உறவினர் ஒருவர், "எந்த ஆளுங்களோ, விசாரிச்சீங்களா?" என்று கேட்டார். அவள் எங்கள் பிள்ளை என்றேன். அதற்குமேல் அந்த வீட்டில் அந்தப் பேச்சு எழ நாங்கள் விடவில்லை. கடவுள் நம்மைச் சேர்த்தபோது எந்த ஆட்கள் என்று விசாரிக்கவில்லை. திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணிவிட்டு, வீட்டுக்கு வந்து வரன் பார்க்கும்போது விசாரிக்கிற நாம் அவர் சேர்த்த பிள்ளைகளைத் தள்ளுகிறோம். அன்றைக்கு இந்தக் கேள்வியைக் கேட்ட பெண்ணுக்கு இப்போது இருபத்தொரு வயது. இந்த வருடம் என்னோடு சேர்ந்து வகுப்பு எடுக்கிறாள், இந்தக் கேள்வி வரும்போது பதில் சொல்வது அவள்தான்.